மண்ணைத் திருத்தப் போய் வாளியில் முடிந்த கதை

கார்டீனியாவின் கொழுந்துகள் மஞ்சளாக வரத் தொடங்கியபோது நான் முதலில் சந்தேகப்பட்டது வெளிச்சத்தை. ஜன்னலை ஒட்டி நகர்த்தி வைத்தேன். மூன்று வாரம் கழித்து வந்த இலைகள் இன்னும் வெளிறி, கிட்டத்தட்ட எலும்பு நிறத்தில் இருந்தன. என்னிடம் இருப்பது இரண்டு கார்டீனியா. ஒரே தாய்ச்செடியின் தண்டுகளில் இருந்து வந்தவை, ஒரே அளவு தொட்டி, மூன்று லிட்டர் கலவை பிடிக்கும். இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி நோகத் தொடங்கின. அதனால் சோதனை செய்து பார்க்க வசதியாகப் போயிற்று. ஒன்றுக்கு வைத்தியம், இன்னொன்று அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்து, தொட்டிகளில் 'அ', 'ஆ' என்று எழுதி ஒட்டினேன்.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதுதான் இதில் பாதி விடை. நைட்ரஜன் குறைந்தால் அடியிலைகள் முழுதாக வெளுக்கும். மெக்னீசியம் குறைந்தாலும் அடியிலைகளில்தான் ஆரம்பம், ஆனால் நரம்பை ஒட்டிப் பச்சை தங்கும். இந்த இரண்டையும் செடி பழைய இலையில் இருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். இரும்பு அப்படி நகராது. ஒரு முறை இலையில் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அதனால் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தால் அடியிலைகள் கரும்பச்சையாக நிற்க, உச்சிக் கொழுந்து மட்டும் வெளிறும். நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும், இடைப்பட்ட பகுதி மஞ்சள். என் செடியில் இருந்தது அச்சாக அந்தப் படம்.

தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தேன். வெள்ளையாக, உறுதியாக இருந்தது, அழுகல் வாடை இல்லை. இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. வேர் அழுகியிருந்தாலும், கலவை எப்போதும் சொதசொதவென்று ஈரமாக இருந்தாலும் இதே மஞ்சள் வரும். அப்போது அமிலமும் காரமும் பேசிப் பயனில்லை.

வேர் சரி, போடுகிற உரத்தில் இரும்பும் இருக்கிறது. பிறகு ஏன் செடிக்குக் கிடைக்கவில்லை? இங்கேதான் பிஎச் வருகிறது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம் என்பது பள்ளியில் படித்ததுதான். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். 7.5-க்கும் 5.5-க்கும் இடையே இருப்பது நூறு மடங்கு. இரும்புக்கு அதைவிட மோசம்: வெறும் வேதியியல் கணக்கில், பிஎச் ஓர் எண் ஏறினால் கரைந்த நிலையில் நிற்கக்கூடிய இரும்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறையும். மீதி துருவாகிக் கலவையிலேயே கிடக்கும். வேர் அதைச் சுற்றி வளர்ந்தாலும் உறிஞ்ச முடியாது. பீட் மாஸ், கோகோபீட் போன்ற மண்ணில்லாக் கலவையில் வளரும் பெரும்பாலான உள்வீட்டுச் செடிகளுக்கு 5.5-இல் இருந்து 6.5 வரை ஒத்துப்போகும். உண்மையான மண் கலந்திருந்தால் கொஞ்சம் மேலே, 6 முதல் 7 வரை. கார்டீனியா இன்னும் புளிப்பை விரும்பும். 5-க்கும் 6-க்கும் இடையே இருந்தால் அதற்குச் சந்தோஷம்.

அளக்க வேண்டும். கையில் இருந்தது இரட்டைக் குச்சி மீட்டர், பேட்டரி இல்லாதது, மண்ணில் குத்தினால் முள் நகரும் வகை. 'அ' தொட்டியில் குத்தினேன், 7. நான்கு விரல் தள்ளிக் குத்தினேன், 6.5. தண்ணீர் ஊற்றிவிட்டுக் குத்தினேன், 7.5. சந்தேகம் தீரட்டும் என்று பிஎச் 4 என்று தெரிந்த கரைசலில் முக்கினேன். முள் 6-ஐ ஒட்டி நின்றுகொண்டது. அந்தக் குச்சிகள் இரண்டு வேறு உலோகங்கள். அவற்றுக்கிடையே ஓடும் சிறு மின்னோட்டத்தைத்தான் அது காட்டுகிறது. ஈரம், உப்பு, எவ்வளவு அழுத்திக் குத்தினோம் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் புகுந்துவிடும். அதை எடுத்து வைத்துவிட்டுக் கண்ணாடிக் குமிழ் வைத்த பேனா மீட்டர் ஒன்று வாங்கினேன்.

பேனா மீட்டரும் சும்மா நம்பக்கூடிய சாமான் இல்லை. அதோடு வரும் தாங்கல் கரைசல் (பிஎச் எண் மாறாமல் நிற்கும் கரைசல்) பொடிகளைக் காய்ச்சி வடித்த நீரில், பொட்டலத்தில் சொன்ன அளவுக்குக் கரைத்து, முதலில் 7-க்கும் அப்புறம் 4-க்கும் சரிசெய்ய வேண்டும். நான் வாரம் ஒரு முறை செய்கிறேன். குமிழைக் காயவிடக் கூடாது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசல் சில துளி விட்டு வைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டால் குமிழ் சீக்கிரம் கெடும். நான் முதல் மாதம் அதைத்தான் செய்தேன். எண் நிலைக்க இரண்டு நிமிடம் எடுக்க ஆரம்பித்ததும்தான் கையேட்டைத் திறந்தேன்.

கலவையை அளக்க இரண்டு வழிகளையும் முயன்றேன். ஒன்று: ஒரு பங்கு கலவைக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் வைத்து, மேலே தெளிந்ததில் அளப்பது. இதற்குச் செடியின் வேருக்குள் கரண்டி விட்டுத் தோண்ட வேண்டும். இன்னொன்று எனக்குப் பிடித்துப்போனது. வழக்கம்போல நன்றாகத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். அடித்தட்டைக் காலி செய்து துடைத்துவிட்டு, மேலே நிதானமாக நூறு மில்லி காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். அது வேர்ப்பகுதியில் இருக்கும் பழைய ஈரத்தைக் கீழே தள்ளும். முதலில் வடியும் ஐம்பது மில்லியைப் பிடித்து அளந்தால் வேர் குடிக்கிற நீரின் எண்ணே கிடைக்கும். செடியைத் தொட வேண்டாம். இந்த முறையில் 'அ' 7.6, 'ஆ' 7.7. கரைத்துப் பார்த்ததில் 'அ' 7.3. இரண்டு முறைக்கும் எண் கொஞ்சம் வேறாகத்தான் வரும். ஏதாவது ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும், கலந்து ஒப்பிடக் கூடாது.

ஆக நோய் தெரிந்துவிட்டது. அடுத்த ஒன்றரை மாதம் நான் செய்ததெல்லாம் தவறான இடத்தில் வைத்தியம்.

முதலில் வினிகர். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி. மறுநாள் வடிநீர் 6.7 காட்டியதும் இவ்வளவுதானா விஷயம் என்று தோன்றியது. ஒன்பதாம் நாள் 7.5. வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம், மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. அவை தின்று தீர்த்ததும், எந்தச் சுண்ணாம்பை அது கரைத்ததோ அந்தச் சுண்ணாம்பின் காரம் அப்படியே திரும்பி வருகிறது. மறுபடி ஊற்றினால் மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். நடுவில் வேர்தான் அலைக்கழியும்.

வடித்த காபித்தூள் பற்றி ஒரு வரி போதும். அமிலத்தில் பெரும்பகுதி காபியோடு கோப்பைக்குப் போய்விடுகிறது, மிஞ்சும் சக்கை நடுநிலைக்கு அருகில்தான் இருக்கிறது, எனக்குக் கிடைத்தது பூஞ்சணமும் சின்னக் கருப்பு ஈக்களும் மட்டும்.

எப்சம் உப்பையும் ஜிப்சத்தையும் பிஎச் மாற்றும் மருந்தாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எப்சம் உப்பு மெக்னீசியம் தரும், ஜிப்சம் கால்சியம் தரும். பிஎச்சை இரண்டுமே நகர்த்தாது. தோட்டத்து மண்ணில் ஜிப்சத்துக்கு வேறு வேலை இருக்கிறது, ஆனால் அது இந்தக் கதையில் வராது.

அடுத்தது கந்தகத்தூள். இதை கார்டீனியாவில் போடத் துணிவு வரவில்லை. 7.4 காட்டிய ஒரு சிங்கோனியம் பலியாடாக வாய்த்தது. அரைத் தேக்கரண்டி தூளை மேல்கலவையில் கிளறிவிட்டேன். கந்தகம் தானாக அமிலம் அல்ல. தயோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் அதைத் தின்று கந்தக அமிலமாக மாற்றினால்தான் பிஎச் இறங்கும். அதற்கு ஈரம், காற்று, வெதுவெதுப்பு மூன்றும் வேண்டும், அதோடு வாரக்கணக்கில் நேரமும். இதெல்லாம் தெரிந்திருந்தும், ஐந்து வாரம் வடிநீர் 7.3-ஐ விட்டு அசையாததைப் பார்த்துப் பொறுமை இழந்து இன்னோர் அரைத் தேக்கரண்டி போட்டேன். எட்டாம் வாரம் 6.2. அட, பரவாயில்லையே! பதினோராம் வாரம் 4.6. அதுவரை அந்தப் பாக்டீரியாக்கள் பெருகிக்கொண்டிருந்தன போலும். பெருகியதும் என் இரண்டு தவணையையும் சேர்த்துத் தின்றன. இலை நுனிகள் கருகின. கவிழ்த்துப் பார்த்தால் வேர் நுனிகள் பழுப்பு. போட்ட கந்தகத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளை நீரில் வைத்தேன். தோட்டத்து நிலத்தில் கந்தகம் நல்ல மருந்துதான், அங்கே மண்ணின் அளவு பெரிது, காத்திருக்க ஒரு பருவம் இருக்கிறது. மூன்று லிட்டர் தொட்டியில் இதைப் போடுவதை நான் இனி நினைக்க மாட்டேன்.

திருப்பம் வந்தது வேறொரு வேலையின் நடுவில். மஞ்சள் உண்மையிலேயே இரும்பால்தானா என்று உறுதி செய்ய ஓர் எளிய சோதனை உண்டு. அன்னபேதி உப்பை, அதாவது பெரஸ் சல்பேட்டை, லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, வெளிறிய இலை ஒன்றில் பாதியை மட்டும் தூரிகையால் நனைக்க வேண்டும். அந்தப் பாதி பச்சை பிடித்தால் குறை இரும்புதான். அதைவிடச் செறிவாகக் கரைத்தால் இலை கருகும். நான் குழாய்த் தண்ணீரில் கரைத்தேன். இளம்பச்சையாகக் கரைந்தது. தூரிகையைத் தேடி எடுத்து வருவதற்குள் கலங்கல் தட்டியது. ஒரு மணி நேரத்தில் டீ நிறம். மாலையில் குவளையின் அடியில் துருப்படிவு ஒரு விரல்நகப் பருமனுக்கு.

அதே அளவை எதிர்ச்சவ்வூடு வடிகட்டியில் வந்த நீரில், அதாவது ஆர்.ஓ. நீரில், கரைத்துப் பக்கத்தில் வைத்தேன். மாலைவரை தெளிவாக நின்றது. உப்பு ஒன்றுதான், வேறாக இருந்தது தண்ணீர் மட்டும். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டு மாதமாகக் கற்பனை செய்துகொண்டிருந்தேன், அது மேசை மேல் குவளையில் நடந்துவிட்டது. நான் மண்ணில் எவ்வளவு அமிலம் போட்டாலும் வாரம் இரண்டு முறை அதை அழிக்கிற மருந்தை நானே ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆர்.ஓ. நீரில் கரைத்ததைத்தான் 'அ' செடியின் இலையில் தடவினேன். ஒன்பதாம் நாள் தூரிகை பட்ட பாதியில் பச்சைத் திட்டுகள்.

குழாய்த் தண்ணீரின் பிஎச் 8.1. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். பார்க்க வேண்டியது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின், அதாவது அமிலத்தை முறிக்கிற காரத்தின், அளவு. பிஎச் 8 உள்ள ஒரு தண்ணீரை ஒரு துளி அமிலம் 6-க்கு இறக்கிவிடலாம். அதே 8 உள்ள இன்னொரு தண்ணீர் பத்துத் துளிக்கும் அசையாமல் இருக்கலாம். இரண்டாவதுதான் தொட்டியைக் கெடுக்கும். இதை அளக்க மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் சொட்டுச் சோதனைக் குப்பியே போதும். 'கேஎச்' என்று எழுதியிருக்கும். ஐந்து மில்லி நீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நீலம் எந்தச் சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் அளவு. என் குப்பியில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரம் என்று கணக்கு. என் தண்ணீர் பத்தாவது சொட்டில் மாறியது. ஏறக்குறைய 180 மில்லிகிராம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு முறை அரை லிட்டர், அதாவது வாரம் ஒரு லிட்டர். ஆண்டுக்கு 52 லிட்டர். ஒன்பது கிராமுக்கு மேல் சுண்ணாம்பு! மூன்று லிட்டர் தொட்டிக்குள்! அடித்தட்டில் தேங்கிய நீரைச் செடியே திரும்பக் குடிக்கட்டும் என்று விடும் வழக்கம் எனக்கு. அதனால் எதுவும் வெளியேயும் போகவில்லை. தொட்டி விளிம்பில் படிந்திருந்த வெள்ளை வளையத்தை இத்தனை நாள் உரத்தின் உப்பு என்று நினைத்திருந்தேன். ஒரு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தது. உரத்தின் உப்பு அப்படி நுரைக்காது. கெட்டிலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு.

அதற்குப் பிறகு மண்ணை விட்டுவிட்டு வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் முயற்சி சிட்ரிக் அமிலம். ஐந்து லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு ஒரு கிராம் போட்டதும் பிஎச் 6.0-க்கு இறங்கியது. வாளியின் உட்சுவரில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டின. காலையில் அளந்தால் 6.6. மீட்டர் மறுபடி கெட்டுவிட்டது என்று நினைத்து மீண்டும் சரிசெய்து அளந்தேன், அதே 6.6. மீட்டர் மேல் குற்றமில்லை. அமிலம் பைகார்பனேட்டை உடைத்ததில் பிறந்த கார்பன் டை ஆக்சைடு இரவு முழுக்க வெளியேறியிருக்கிறது, அது போகப் போக எண் ஏறும். இது கெடுதல் இல்லை. உடைந்த பைகார்பனேட் உடைந்ததுதான். அந்த 6.6-ஐப் பார்த்துப் பதறி மேலும் அமிலம் போட்டால்தான் கெடுதல்.

ஆனால் சிட்ரிக் அமிலத்துக்கும் வினிகரின் வியாதி கொஞ்சம் உண்டு. அதுவும் நுண்ணுயிர்களின் தீனிதான். மண்ணில் அவை அதைத் தின்ன, காரத்தில் ஒரு பகுதி திரும்பும். பெரிய பசுங்குடில்களில் இதற்குக் கந்தக அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் பயன்படுத்துகிறார்கள், அவை திரும்பி வராது. கந்தக அமிலத்தை வீட்டுக்குள் ஊற்றி அளக்க எனக்கு விருப்பமில்லை. பேட்டரி அமிலம் இருக்கிறதே என்பவர்களுக்கு என் பதிலும் அதுதான். கண்ணில் தெறித்தால் கார்டீனியா பூத்ததையும் பார்க்க முடியாது.

கடைசியில் நிலைத்தது அமிலமே இல்லாத வழி. ஒரு பங்கு குழாய்த் தண்ணீர், இரண்டு பங்கு ஆர்.ஓ. நீர் அல்லது மழைநீர். சொட்டுச் சோதனையில் நான்காவது சொட்டிலேயே நிறம் மாறிவிடுகிறது. அதாவது லிட்டருக்கு அறுபது, எழுபது மில்லிகிராம். மழைநீர் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு 5.6 வாக்கில் வரும், பைகார்பனேட் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் சிமெண்ட் கூரையில் ஓடி வந்தது என்றால் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே வரும். பிடித்த பின் ஒருமுறை சொட்டு விட்டுப் பார்ப்பது நல்லது. கொதிக்க வைத்து ஆறவிட்டாலும் பைகார்பனேட்டில் ஒரு பகுதி படிவாகிக் குறையும். ஒரு செடிக்குச் செய்யலாம். பதினாலு தொட்டிக்குக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தால் வேறு வேலை பார்க்க முடியாது.

'அ' செடிக்குத் தொட்டியும் மாற்றினேன். பழைய கலவையை முழுவதும் உதறவில்லை, வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும். கார்டீனியாவுக்கு வேரைக் கலைத்தால் கோபம் வரும், மொட்டுகளைக் கொட்டித் தீர்த்துக்கொள்ளும். புதுக் கலவை: பீட் மாஸ் இரண்டு பங்கு, பொடித்த மரப்பட்டை ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. வாங்கிய பீட் மாஸில் ஏற்கெனவே சுண்ணாம்பு சேர்த்திருந்தார்கள், பையிலேயே எழுதியிருந்தது. சேர்க்காத பீட் மாஸ் 4 வாக்கில் இருக்கும், அதில் நேராக நட்டால் கார்டீனியாவுக்கே அதிகப் புளிப்பு. கரைத்துப் பார்த்ததில் என் கலவை 5.7.

கலவை மாறி வேர் பழகும்வரை பட்டினி கிடக்க வேண்டாம் என்று கீலேட் இரும்பு ஒரு தவணை கொடுத்தேன். இரும்பைக் கரிம மூலக்கூறு ஒன்று இடுக்கிபோலக் கவ்விக்கொண்டிருப்பதுதான் கீலேட், துருவாக விடாது. எந்த இடுக்கி என்று பையில் பார்த்து வாங்க வேண்டும். இடிடிஏ வகை 6.5 தாண்டினால் பிடியை விட்டுவிடும். டிடிபிஏ ஏழு, ஏழரை வரை தாங்கும். இடிடிஎச்ஏ 9 வரைகூடத் தாங்கும், அடர்சிவப்பாக இருக்கும், ஜன்னல் திட்டில் சிந்தினால் கறை போகாது. (போகவில்லை.) என் பழைய உரத்தில் இருந்த இரும்பு இடிடிஏ. 7.6-இல் அது இருந்தும் இல்லாததுபோல் ஆனதில் ஆச்சரியமில்லை.

நோட்டில் இருந்து: 'அ' தொட்டி மாற்றிய மூன்றாம் வாரம் வடிநீர் 6.3. ஆறாம் வாரம் 6.0. பத்தாம் வாரம் 5.9. 'ஆ' அதே பழைய தண்ணீரில், 7.7, 7.6, 7.7. முன்பே வெளிறிய இலைகள் 'அ'வில் ஓரளவுதான் தேறின, மிகவும் வெளுத்தவை தேறவே இல்லை, விளிம்பு காய்ந்து விழுந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் வைத்தியம் பலிக்கவில்லை என்று தோன்றும். பார்க்க வேண்டியது கொழுந்தை. ஐந்தாம் வாரம் விரிந்த இலை ஜோடி பச்சையாகவே வந்தது. பளபளப்பும் இருந்தது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். உற்சாகத்தில் எல்லாத் தொட்டிக்கும் சுத்தமான ஆர்.ஓ. நீரையும், அமில விருப்பச் செடிகளுக்கான உரத்தையும் ஊற்ற ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் ஜெரேனியத்தின் அடியிலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள், அப்புறம் விளிம்புக் கருகல். பூஞ்சை என்று நினைத்து இலைகளைக் கிள்ளினேன். ஏதோ தோன்றி வடிநீரை அளந்தால் 4.8!

அந்த உரத்தில் நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியம். மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கும். பைகார்பனேட் இருந்தால் அதோடு அடித்துப் பிடித்துச் சமனாகும். ஆர்.ஓ. நீரில் எதிர்க்க ஆளே இல்லை. பிஎச் சரிந்தது, இரும்பும் மாங்கனீசும் தேவைக்கு மேல் கரைந்தன, ஜெரேனியம் இரண்டையும் வரம்பில்லாமல் உறிஞ்சித் தன்னையே நஞ்சூட்டிக்கொண்டது. கார்டீனியாவுக்குக் கிடைக்காத அதே இரும்பு, பக்கத்துத் தொட்டியில் விஷம். நான் எதிரி என்று நினைத்து விரட்டிய பைகார்பனேட் கொஞ்சமாவது இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

ஏற்றுவது இறக்குவதைவிட எளிது. டோலமைட் சுண்ணாம்புப் பொடி, மாவு போல நைசானது, தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. அரை லிட்டர் நீரில் கலக்கி, படியவிடாமல் கிளறிக்கொண்டே ஊற்றினேன். மேலே வெறுமனே தூவினால் அங்கேயே கிடக்கும். இரண்டு வாரத்தில் 5.4, ஐந்தாவது வாரத்தில் 6.0. உரத்தையும் கால்சியம் நைட்ரேட் உள்ளதாக மாற்றினேன். வேர் நைட்ரேட்டை உறிஞ்சும்போது பிஎச் மெல்ல ஏறும். முட்டை ஓட்டை இடித்துப் போட்டால் ஆகாதா என்றால், ஆகும், மாவாக அரைத்தால். கையால் நொறுக்கிய துண்டுகள் அடுத்த முறை தொட்டி மாற்றும்போதும் துண்டுகளாகவே இருக்கும். விறகுச் சாம்பல் வேகமாகக் கரைந்து சட்டென்று ஏற்றிவிடும், சின்னத் தொட்டிக்கு முரட்டு மருந்து. சமையல் சோடாவில் சோடியம், அது வேண்டவே வேண்டாம்.

ஸ்நேக் பிளாண்டின் தொட்டி 7.4 காட்டுகிறது. புது இலை விட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. அதை நான் தொடவில்லை. மணி பிளாண்டையும் தொடவில்லை. செடி நன்றாக இருக்கும்போது எண் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருத்தக் கிளம்பினால், சிங்கோனியத்துக்கு நடந்தது அதற்கும் நடக்கும்.

பத்தாம் வாரத்தோடு 'ஆ' செடியின் தண்டனையை முடித்தேன். ஆனால் தொட்டி மாற்றவில்லை, தண்ணீரை மட்டும் மாற்றினேன். தண்ணீர் தனியாக எவ்வளவு செய்யும் என்று தெரிய வேண்டியிருந்தது. அடித்தட்டில் தேங்குவதை ஒவ்வொரு முறையும் கொட்டுகிறேன். நான்கு வாரத்தில் 7.7-இல் இருந்து 7.4. மெதுவாகத்தான் இறங்குகிறது. உள்ளே சேர்ந்த சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது, அது கரைந்து தீரும்வரை எண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கொழுந்து இன்னும் மஞ்சள்தான். மொட்டு விடும் காலம் முடிந்ததும் அதற்கும் வெளிக்கலவையை மாற்றிவிடுவேன்.

குவளையில் வைத்த சிங்கோனியத் தண்டு மூன்று இடத்தில் வேர் விட்டிருந்தது. நேற்று மிச்சமிருந்த புதுக் கலவையில் நட்டேன். அளந்ததில் 5.8. கந்தக டப்பாவைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்.